கால் பெருசா, மூணுல ஒண்ணு பெருசா?



மூன்றாம், நான்காம் வகுப்பு படிக்கும் பிள்ளையிடம் 1/3 பெருசா, 1/4 பெருசா என்று கேட்டுப் பாருங்கள். நிறையப் பிள்ளைகள் யோசிக்காமல் "1/4 தான்" என்பார்கள். ஏன் என்றால், "மூணை விட நாலு பெருசுல்ல?" இது மக்குத்தனம் இல்லை. அதுவரை அந்தப் பிள்ளை படித்த எண்களில் அதுதான் சரி. பின்னத்தில் மட்டும் மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்காத பிள்ளை, பிறகு சதவீதம், வட்டி, விகிதம் என்று எல்லாவற்றிலும் தடுமாறும். கணக்கே வேண்டாம் என்று ஒதுங்குவதும் இங்கேதான் தொடங்குகிறது.

"நாங்களே கைநாட்டு, எங்களுக்கு என்னங்க தெரியும்?" என்று குழுக் கூட்டங்களில் உறுப்பினர்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். படி, உழக்கு, ஆழாக்கு என்று அளந்து போட்டவர்களுக்குப் பின்னம் தெரியாமல் இல்லை. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு, நாலு உழக்கு. அதாவது ஆழாக்கு 1/8 படி, உழக்கு 1/4 படி. நாலை விட எட்டு பெருசுதான். ஆனால் உழக்கில்தானே அரிசி அதிகம் பிடிக்கும்? அரைக்கால் என்ற பேரைப் பாருங்கள். காலில் அரை என்று பேரே சொல்லிவிடுகிறது!

ஒரே அளவில் இரண்டு தோசை சுட்டு, ஒன்றை மூன்றாகவும் இன்னொன்றை நாலாகவும் பிய்த்துக் காட்டலாம். ஆள் கூடக் கூடப் பங்கு குறையும் என்பது உடனே புரியும். ஆனால் தோசையைச் சரியாக மூன்றாக்குவது கஷ்டம். பாடம் முடிவதற்குள் தோசையும் காலியாகிவிடும். அதனால் படத்துக்கு வருவோம்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் 12 கட்டம் நீளத்துக்கு ஒரு பட்டை வரையச் சொல்லுங்கள். அதற்கு நேர் கீழே அதே நீளத்தில் இன்னொன்று. பன்னிரண்டு ஏன் என்றால், அதை 2, 3, 4, 6 எதாலும் மீதி இல்லாமல் பங்கு போடலாம். பாதி என்றால் 6 கட்டம், மூணுல ஒண்ணு 4 கட்டம், கால் 3 கட்டம். கலர் அடித்துவிட்டு எது நீளம் என்று பிள்ளையே சொல்லட்டும். நோட்டு இல்லையென்றால் வாசலில் கோலமாவால் கட்டம் போட்டாலும் சரி.

இரண்டு பட்டையும் ஒரே நீளமா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். எது பெருசு என்று பிள்ளை நினைக்கிறதோ, அந்தப் பட்டையைத் தன்னையறியாமல் நீளமாகப் போட்டுவிடும். "சின்ன இட்லியில பாதியும் பெரிய இட்லியில பாதியும் ஒண்ணாப்பா?" என்று கேட்டால் போதும்.

இது பழகியபின் 2/3, 3/4 கேளுங்கள். இங்கேதான் நல்லாப் படிக்கிற பிள்ளையும் மாட்டும். "ரெண்டுலயும் ஒரு துண்டுதானம்மா குறையுது? அப்போ சமம்" என்று சொல்லும். உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். "கலர் அடிக்காத துண்டைப் பாரு கண்ணு, எது சின்னது?" என்று கேளுங்கள். ஒன்றில் விடுபட்டது 4 கட்டம், மற்றதில் 3. குறைவாக விடுபட்டதுதானே பெருசு? எண்ணிப் பார்த்தால் 8 கட்டம், 9 கட்டம்.

இதே பட்டையை 12 சென்ட் நிலமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அண்ணன், ஒரு தங்கை. இந்த மூன்று பேருக்கு மட்டும்தான் பங்கு. தங்கையை விட்டுவிட்டால் அண்ணன்களுக்கு ஆளுக்கு 1/2, அதாவது 6 சென்ட். சேர்த்தால் மூவருக்கும் 1/3, ஆளுக்கு 4 சென்ட். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டுவந்தது. 2005-ல் அது நாடு முழுவதற்கும் வந்தது. பத்திரத்தில் "மூன்றில் ஒரு பங்கு" என்று எழுதியிருந்தால் அது எவ்வளவு நிலம் என்று நம் பெண் பிள்ளைகள் படம் போட்டே சொல்லட்டும்.

தொகுதி, பகுதி, மீச்சிறு பொது மடங்கு என்று பள்ளியில் சொல்லித்தரும் முறை மேல் வகுப்பில் வரும். அதற்கு இப்போதே அவசரப்பட வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பிள்ளைகள் போட்ட பட்டைகளை எடுத்து வாருங்கள். 3/5, 3/4 இரண்டில் எது பெருசு என்றும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு 12 கட்டம் ஒத்து வராது, 20 கட்டம் வேண்டும்.