நிலக்கடலையை ஒதுக்காதீர்கள்!

'ஏழைகளின் பாதாம்' என்று நிலக்கடலைக்கு ஒரு பெயர் உண்டு. எனக்கு என்னவோ அந்தப் பெயர் பிடிப்பதே இல்லை. ஏழைகளுடையது என்றாலே மட்டம் என்ற நினைப்பு நமக்கு வந்துவிடுகிறதே!

எங்கள் தெருவில் ஒரு அம்மாள், படிக்கிற பெண்ணுக்குத் தினமும் நாலு பாதாம் ஊறவைத்துக் கொடுக்கிறார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் வாங்குகிறார். நாலு பாதாம் என்பது ஐந்து கிராம் இருக்கும். அதில் புரதம் ஒரு கிராம்தான். ஏறக்குறைய அதே காசுக்கு ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் நிலக்கடலை கிடைக்கும். அதில் புரதம் ஏழு கிராமுக்கு மேல்! சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் 'ஈ'யும் பாதாமில்தான் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் வளரும் பிள்ளைகளுக்கு வேண்டிய புரதம் நம் கடலையில் தாராளமாக இருக்கிறது. நியாசின் என்னும் 'பி3' வைட்டமினும் நிறைய உண்டு.

எங்கள் விழுப்புரம் பக்கம் இதை 'மல்லாட்டை' என்போம். மணிலாக்கொட்டை என்பதுதான் அப்படி மருவிவிட்டது. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர் இது. கொட்டை என்று சொன்னாலும் அவரை, துவரை குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

"கொலஸ்ட்ரால் ஏறிவிடுமே?" என்பீர்கள். தாவர உணவு எதிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. கடலையில் பாதிக்குப் பாதி எண்ணெய்ச் சத்து இருப்பது உண்மை. அதில் பெரும்பகுதி இதயத்துக்குக் கெடுதல் செய்யாத வகை. ஆனாலும் ஒரு கைப்பிடியில் சுமார் 170 கலோரி இருப்பதால், டி.வி. பார்த்துக்கொண்டே படி படியாகக் கொறிக்கக் கூடாது.

தோலோடு உப்புப் போட்டு வேகவைத்துச் சாப்பிடுவது மிக நல்லது. வறுத்தால் 'பி1' வைட்டமின் வெகுவாகக் குறைந்துவிடும்.

மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகத்தார், எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவு மூன்று பங்கும் கடலை மாவு ஒரு பங்கும் கலந்து சத்துணவு தயாரித்தார்கள். ஒன்றில் குறைவதை மற்றது ஈடுகட்டும் என்பதுதான் காரணம். அந்த முறையை நம் சட்னியிலும் பின்பற்றலாமே!

சட்னி: வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை முக்கால் கப், பொட்டுக்கடலை கால் கப், வறுத்த மிளகாய் வற்றல் நாலு, பூண்டு இரண்டு பல், சுண்டைக்காய் அளவு புளி, உப்பு. எல்லாவற்றையும் தண்ணீர் விட்டு அரைத்து, கடுகு, கறிவேப்பிலை தாளியுங்கள். தேங்காயே வேண்டாம்.

கடலை உருண்டை: ஒரு கப் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு வையுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் வர வேண்டும். இரண்டு கப் வறுத்த கடலையைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசிமாவு தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடியுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சணம் பூத்தது, கசப்பது எதுவானாலும் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். 1960-ல் இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சம் வான்கோழிகள் இறந்தன. அந்த நஞ்சுக்கு 'அஃப்ளடாக்சின்' என்று பெயர். அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுவதும் போகாது. ஆகவே கடலையை நன்றாக வெயிலில் காயவைத்து, ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள்.

சிலருக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது. தடிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அவர்களுக்குப் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுங்கள்.

அடுத்த மாத மளிகைப் பட்டியலில் ஒரு கிலோ நிலக்கடலையைச் சேர்த்துப் பாருங்களேன். பாதாமுக்குப் பணமில்லையே என்று எந்தத் தாயும் மனம் குன்ற வேண்டியதில்லை.