பிள்ளைக்கு 18 ஆகிறதா? மருத்துவர் மாறும் முன் கவனிக்கவும்

தாசேக் கெலுகோரிலிருந்து தலசீமியா, வலிப்பு, இனிப்பு நீர் போன்ற நோய்களுக்காகப் பிள்ளையை செபராங் ஜெயா அல்லது பினாங்கு பொது மருத்துவமனைக்குப் பல ஆண்டுகளாக அழைத்துச் செல்லும் பெற்றோர் உண்டு. பதின்ம வயது முடியும்போது குழந்தை மருத்துவரை விட்டுப் பெரியவர்களுக்கான பிரிவுக்கு மாற வேண்டும். இந்த இடைவெளியில்தான் பலருக்குச் சிகிச்சை விட்டுப்போகிறது. ஆள் நன்றாகத்தானே இருக்கிறான் என்று வீட்டிலும் இருந்துவிடுகிறோம். ஆனால், தொடர்ந்து இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளி இரும்புச்சத்தை வெளியேற்றும் மருந்தை நிறுத்தினால், அது சத்தமில்லாமல் இருதயத்திலும் கல்லீரலிலும் படியும்.

மாறும் வயது மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடலாம். 15, 16 வயதிலேயே கேட்டுவிடுங்கள். புதிய பிரிவில் தேதி கிடைக்கும்வரை பழைய மருத்துவரை விடாதீர்கள். நோய் விவரம், மருந்தின் பெயர், அளவு, ஒவ்வாமை எல்லாம் எழுதிய கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தவரை மருத்துவரிடம் பிள்ளையே பேசட்டும். அம்மாக்களுக்கு இது கொஞ்சம் சிரமம்தான்.

18 வயதில் மைகார்டை மாற்றும்போது, ஓகேயு அட்டை உள்ளவர்கள் சமூகநல இலாகாவுக்கும் போய் வாருங்கள். வேலை செய்ய இயலாத மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவித்தொகைக்கு 18 வயதிலிருந்து விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்; கேட்காமல் வராது.