மலைத் திமிங்கிலம்

ஹிரோஷிகேயின் 'எடோவின் நூறு புகழ்மிக்க காட்சிகள்' என்றாலே பேச்சு வான்கோவிடம் போய்விடுகிறது. 1887இல் அதிலிருந்து இரண்டு படங்களைப் பார்த்து வரைந்தார், இத்யாதி. படத்துக்குள் எழுதியிருப்பதை வாசிப்பதற்கு இந்தப் பேச்சில் இடமில்லை.

அத்தொகுப்பில் 'பிக்குனிப் பாலத்தில் பனி' என்றொரு மரச்செதுக்கு அச்சு. ஹிரோஷிகே இறந்த 1858இல், இறந்த அடுத்த மாதத்தின் முத்திரையோடு வந்தது; சீடரின் கை என்பவர்களும் உண்டு. இருக்கட்டும். தெருவெல்லாம் வெண்பனி. காவுதடிச் சுமையோடு ஒரு தெருவியாபாரி. வலப்பக்கம் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்குக் கடை, வாசலில் நாய்கள். கடைப் பலகையில் 'பதின்மூன்று ரி'. ரி என்பது தூர அளவு. கிழங்குக்கும் தூரத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? 'குரி' என்றால் செஸ்ட்நட் கொட்டை. ஒன்பது ரி என்றும் கேட்கும். 'யோரி' என்றால் 'விட'. நாலு ரி என்றும் கேட்கும். ஒன்பதும் நாலும் பதின்மூன்று. அதாவது, செஸ்ட்நட்டைவிட ருசி!

இது சும்மா விளையாட்டு. இடப்பக்கம் முன்னால் தொங்கும் பெரிய பலகை அப்படியில்லை. 'யாமாகுஜிரா', மலைத் திமிங்கிலம். உள்ளே விற்பது காட்டுப்பன்றிக் கறி. நாலுகால் பிராணியின் கறி தீட்டு என்பது பௌத்தமும் ஷின்தோவும் சேர்ந்து கட்டிய ஒழுக்கம். திமிங்கிலம் மீன் கணக்கில் சேர்த்தி, மீனுக்குத் தடையில்லை. ஆகவே பன்றியை மலையில் நீந்தவிட்டார்கள். மருந்து என்று சொல்லியும் தின்றார்கள். வேடிக்கை என்னன்னா, 675இல் தென்மு பேரரசர் போட்ட தடையில் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஐந்துதான். காட்டுப்பன்றி அதில் இல்லவே இல்லை. இன்னும் இருக்கிறது: பன்றிக்கறிக்குப் பியோனிப்பூ, மான்கறிக்கு மேப்பிள் இலை, குதிரைக்கறிக்குச் செர்ரிப்பூ என்று பெயர். ஜப்பானியக் கவிதையின் பருவச் சொற்கள் என்று நாம் சிலாகிக்கிறவை கறிச்சட்டியிலும் கிடந்தவை.

கறிக்குப் பூப்பெயர். மனிதர்களுக்கு? செத்த மாட்டை அகற்றித் தோல் பதனிட்டவர்களை 'எதா' என்று ஒதுக்கினார்கள். அதை எழுதும் எழுத்துகளின் பொருள் 'அழுக்கு மிகுதி'. 1871 அரசாணை அந்தப் பெயரை ஒழித்தது. 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டுக்கறி சாப்பிட்டது ஊரறியச் செய்தியாயிற்று. கறி நாகரிகமாகிவிட்டது; ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் ஒதுக்கப்பட்டே இருந்தார்கள். 1922இல் கியோட்டோவில் கூடி, சுயிஹெய்ஷா என்ற சமநிலைச் சங்கத்தைத் தொடங்கியபோது, அவர்கள் தங்களுக்கு அழகான மாற்றுப்பெயர் எதையும் தேடவில்லை. 'எதா' என்ற அதே சொல்லைப் பெருமையோடு தம் அறிக்கையில் எழுதினார்கள்.