சிவாலய ஓட்டமும் காலின் கொப்புளமும்

மாசி மாதச் சிவராத்திரிக்கு முந்திய நாள் மாலையில் எங்கள் புதுக்கடைப் பக்கம் வந்தால், 'கோபாலா! கோவிந்தா!' என்ற குரலைக் கேட்கலாம். அடுத்துள்ள முஞ்சிறை திருமலை மகாதேவர் கோயிலிலிருந்துதான் சிவாலய ஓட்டம் புறப்படுகிறது. திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு எனச் சென்று திருநட்டாலத்தில் நிறைவுறும். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம். கையில் பனையோலை விசிறி, வெறுங்கால். சிவனைக் காண ஓடுகிறவர்கள் திருமாலின் பெயரைக் கூவுவதற்குப் பீமனும் புருஷாமிருகமும் வரும் கதையைச் சொல்வார்கள். அதை நம் மாவட்ட நண்பர்கள் அறிவார்கள். நான் காலைப் பற்றி எழுத வந்தேன்.

ஒவ்வொரு கோயிலிலும் குளித்து, ஈரத் துணியோடு தொழுது, அப்படியே ஓடுவது வழக்கம். தொல்லை அங்கேதான் பிறக்கிறது. நீரில் ஊறிய தோல் மென்மையாகிவிடும். கால் ஊன்றும்போது வெளித்தோல் தார்ச்சாலையைப் பற்றி நிற்க, உள்ளே எலும்பு முன்னே நகர்கிறது. இந்த இழுபறியில் தோலின் அடுக்குகள் பிரிந்து, இடையில் நீர் கோத்துக் கொள்கிறது. ஆகவே கரையேறியதும் தோர்த்தால் பாதத்தையும் விரலிடுக்கையும் துடைப்பது பெரும் உதவி. நான் துடைக்கவில்லை. திற்பரப்பில் எனக்கு நெல்லிக்காய் அளவில் ஒரு கொப்புளம்!

சிறு கொப்புளத்தை உடைக்காமல் விடுவதே நல்லது. பெரிதாகி நடக்க முடியாமற் போனால், சோப்பால் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடிக்கலாம். மேல்தோலை மட்டும் உரிக்கவே கூடாது. அதைவிட நல்ல கட்டுத்துணி கிடையாது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கற்ற இவ்வித்தை அன்று எனக்கே பயன்பட்டது. கணுக்கால் பிசகினால் உடனே தைலம் போட்டுத் தேய்ப்பது நம்மவர் பழக்கம். அது வீக்கத்தைக் கூட்டும். குளிர்ந்த நீர்த்துணி சுற்றிக் காலை உயர்த்தி வைக்க வேண்டும். நாலடி எடுத்து வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே அவசியம்.

பொன்மனையில் விடிந்தது. உடன் வந்த மாமாவின் காலடித் தடங்களில் இரத்தம் தெரிந்தது. உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு! "எனக்கு ஒண்ணும் வலிக்கலியேலே" என்றார். அந்தப் பதில்தான் என்னை நடுங்க வைத்தது. மாமாவுக்குப் பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய். அந்நோய் நாளடைவில் பாத நரம்புகளின் உணர்ச்சியை மழுங்கச் செய்யும். இரத்த ஓட்டமும் குறைவதால் புண் ஆறாது. இத்தகையோர் ஊசியால் குத்துவதும் ஆகாது. மருத்துவரிடம்தான் செல்ல வேண்டும்.

"இன்னும் ஏழு கோயில்தானே மக்கா! நேர்ச்சையைப் பாதியில் விட்டால் தெய்வக்குற்றம்" என்று மன்றாடினார். நானும் அழுதேன், அதட்டினேன். கடைசியில் அவருடைய விசிறியைப் பிடுங்கிக் கொண்டேன். மாமாவிடம் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவர் என்னுடன் பேசவில்லை. சில்லை எடுத்து, டெட்டனஸ் ஊசி போட்டார்கள். புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று; விரல்கள் ஐந்தும் மிஞ்சின.

பைக்கிலும் வேனிலும் பன்னிரு கோயில்களையும் தொழுகிறவர்கள் உண்டு. மறு ஆண்டு மாமா என் பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டார், காலில் கான்வாஸ் ஷூவும் கையில் அதே விசிறியுமாக. கோயில் வாசல்தோறும் ஷூவைக் கழற்றியதும் தாமாகவே உள்ளங்காலை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.