வண்டியும் மூச்சு விடும்



காய்ச்சல் அளக்கும் கருவி 102 டிகிரி காட்டினால் யாரும் கருவியின் மேல் கோபப்படுவதில்லை, மருத்துவரிடம் ஓடுகிறோம். ஆனால் வண்டியின் புகைப் பரிசோதனையில் தோல்வி என்று வந்துவிட்டால் பலருக்குப் பரிசோதித்தவர் மேல்தான் கோபம் வருகிறது! இந்த ஆண்டு நாங்கள் நேரில் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சியைக் கொண்டு இதைப் பற்றிச் சிறிது விளக்க விரும்புகிறோம்.

ஒரு சனிக்கிழமை, சிறப்பு வகுப்பு முடிந்து வீடு திரும்பும் வழியில், எங்கள் வேன் அண்ணன் புகைச் சான்றிதழைப் புதுப்பிப்பதற்காக வண்டியை நிறுத்தினார். அது 2018இல் வாங்கிய பெட்ரோல் வேன். பரிசோதிப்பவர் புகைக்குழாயினுள் ஒரு நீண்ட குழலைச் செருகினார். கார்பன் மோனாக்சைடு 0.8 சதவீதம் என்று திரையில் தெரிந்தது. இவ்வகை வண்டியில், நின்ற நிலையில் இஞ்சின் மெதுவாக ஓடும்போது, அது 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எனவே சான்றிதழ் கிடைக்கவில்லை.

அங்கே நின்ற ஒருவர், "இதற்குப் போய்க் கவலைப்படுகிறாயே தம்பி! வண்டியைக் காட்டாமலே சான்றிதழ் வாங்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள்" என்றார். அண்ணன் முகம் வாடியிருந்தது. சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால் 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம். வண்டி நின்றாலோ அன்றைய வருமானம் இல்லை. ஆயினும் அவர் எங்களைத் திரும்பிப் பார்த்து, "பின்னால் பிள்ளைகள் இருக்கிறார்கள் ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மெக்கானிக் கடைக்கு வண்டியைத் திருப்பினார்.

"புகையே கண்ணுக்குத் தெரியவில்லையே, பிறகு எப்படித் தோல்வி?" என்று எங்களுக்குள் ஒரு சந்தேகம். அதை எங்கள் அறிவியல் சகோதரியிடம் கேட்டோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜனைவிடச் சுமார் 200 மடங்கு வலுவாகப் பற்றிக்கொள்கிறது. அதனால்தான் அது நச்சு. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. காற்று குறைந்தாலோ பெட்ரோல் மிகுந்தாலோ அரைகுறையாக எரிந்து இந்த வாயு உண்டாகிறது. எரியாமலே வெளியேறும் பெட்ரோலை ஹைட்ரோகார்பன் என்ற கணக்கில் அதே கருவி காட்டுகிறது.

ஆகவே பரிசோதனைத் தாளில் உள்ள எண்கள் வெறும் எண்கள் அல்ல, நோயின் அறிகுறிகள். ஹைட்ரோகார்பன் மிகுந்தால் ஸ்பார்க் பிளக் சரியாகப் பொறி விடுகிறதா என்று பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு மிகுந்தால், காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா, பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். இஞ்சின் நன்றாகச் சூடேறாமல் சோதித்தாலும் அளவு கூடுதலாகக் காட்டும். புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டர் சூடான பிறகுதான் வேலை செய்யும்.

மெக்கானிக் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை. பிறகு அவர் கேட்ட கேள்வி எங்களுக்கு வியப்பாக இருந்தது. "பெட்ரோல் எப்படிப் போடுகிறாய்?"

"டேங்க் வாய் வரைக்கும் போடுவேன் அண்ணே. பங்க்கில் குழாய் தானாக நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம் விடச் சொல்வேன்" என்றார் எங்கள் அண்ணன்.

தோழியரே, பெட்ரோல் டேங்கும் நம்மைப் போல மூச்சு விட வேண்டும்! வெயிலில் பெட்ரோல் ஆவியாகி உள்ளே அழுத்தம் கூடுகிறது; அது வெளியே வர வழி வேண்டும். வண்டி ஓட ஓடப் பெட்ரோல் குறைகிறது. அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வழி வேண்டும். பழைய மோட்டார் சைக்கிள்களில் இதற்காக டேங்க் மூடியில் ஒரு சிறு துளை உண்டு. அதில் தூசி அடைத்தால் சில மைல் ஓடியதும் வண்டி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் "உஸ்" என்று காற்று உள்ளே போகும். வண்டி மறுபடி கிளம்பும்.

ஆனால் அந்தத் துளை வழியே பெட்ரோல் ஆவி ஊரெங்கும் பரவுமல்லவா? அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை 1943 முதல் கண் எரியும் புகைமூட்டம் வாட்டியது. பெட்ரோலிலிருந்து வரும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் கலந்து ஓசோன் உண்டாவதே அதற்குக் காரணம் என்று ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி 1950களின் தொடக்கத்தில் காட்டினார். பின்னர் 1970ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து, டேங்க் ஆவியை வெளியே விடாமல் பிடித்துவைக்க வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் விதித்தது.

ஆவியைப் பிடிப்பது எது தெரியுமா? கரிதான்! நுண்ணிய துளைகள் நிறைந்த கரி ஒரு டப்பாவில் இருக்கும். வண்டி நிற்கும்போது ஆவி அந்தக் கரியில் ஒட்டிக்கொள்ளும். ஓடும்போது இஞ்சின் வெளிக்காற்றைக் கரி வழியே இழுத்து, ஒட்டிய ஆவியையும் சேர்த்து எரித்துவிடும். எத்தனை சிக்கனமான ஏற்பாடு!

இந்தக் கரி ஆவிக்கு மட்டுமே உரியது. கழுத்து வரை பெட்ரோலை நிரப்பினால் திரவமே அதில் புகுந்துவிடும். எங்கள் வேனில் நடந்தது அதுதான். மெக்கானிக், கரி டப்பாவிலிருந்து இஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயை இறுக்கி அடைத்து, மறுபடியும் பரிசோதிக்கச் சொன்னார். அளவு உடனே இறங்கிவிட்டது! கழற்றிய டப்பா பெட்ரோலில் ஊறிக் கனத்திருந்தது. புதியது போட்ட செலவு அண்ணனுக்குச் சற்றுப் பாரம்தான். ஆனால் திங்கட்கிழமை வண்டி 0.1 என்ற அளவுடன் நேர்மையாகத் தேறியது.

பெற்றோருக்கும் எங்கள் பணிவான வேண்டுகோள்: பங்க்கில் குழாய் தானாக நின்றதும் போதும் என்று சொல்லுங்கள். வண்டியில் பெட்ரோல் வாடை வீசினாலோ, பெட்ரோல் போட்டவுடன் வண்டி கிளம்ப மறுத்தாலோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள். டேங்க் அருகே நெருப்பு வேண்டாம். குழாயை வாயால் ஊதவோ உறிஞ்சவோ வேண்டாம்.

பாவசங்கீர்த்தனத்துக்கு முன் நாம் ஆன்ம சோதனை செய்கிறோம். குறையை மறைத்தால் சோதனையால் பயன் என்ன? பொய்ச் சான்றிதழ் அண்ணனின் பணத்தை மிச்சப்படுத்தியிருக்கும்; ஆனால் அந்த நச்சுக்காற்றைத் தெருவோரக் குழந்தைகளும் சுவாசித்திருப்பார்கள். இறைவன் எல்லோருக்கும் பொதுவாகத் தந்த காற்று அது. அன்று வருமானத்தை இழந்து அதைக் காத்த எங்கள் வேன் அண்ணனுக்கு இக்கட்டுரை வாயிலாக நன்றி கூறுகிறோம்.