விண்ணிலிருந்து வந்த பாடமும் தரையில் தவறிய திட்டமும்

பெங்களூரு: கல்விக்கென்றே உருவாக்கப்பட்ட நாட்டின் முதல் செயற்கைக்கோளான எஜுசாட், 2004 செப்டம்பர் 20-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் ஏவப்பட்டது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்ரோ, அதன் சோதனைக் களங்களுள் ஒன்றாகத் தமிழகத்தை ஒட்டியுள்ள சாமராஜநகர் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. அங்கு 800-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு செயற்கைக்கோள் வழியே பாடம் நடத்தத் திட்டமிடப்பட்டது.

ஆனால், ஒளிபரப்பு மட்டும் போதாது. பள்ளியில் மின்சாரம் இருக்க வேண்டும். பழுதான கருவியை உடனே சரிசெய்ய ஆள் வேண்டும். ஒளிபரப்பு நேரம் பள்ளியின் பாட வேளையோடு பொருந்த வேண்டும். ஆசிரியருக்குப் பயிற்சியும் வேண்டும்.

எஜுசாட் 2010-இல் ஓய்வு பெற்றது. நாடு தழுவிய அத்திட்டத்தை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையர், இணைப்புக்கான திட்டமிடல், பாடத் தயாரிப்பு, நிர்வாக அமைப்பு ஆகிய மூன்றிலும் குறை இருந்ததாக 2013-இல் சுட்டிக்காட்டினார்.

இன்று கையடக்கக் கணினிகளையும் திறன் பலகைகளையும் வாங்கும் மாநில அரசுகளுக்கும் இது பொருந்தும். கருவி வாங்குவது ஒருமுறைச் செலவு. பராமரிப்பும் பயிற்சியும் ஆண்டுதோறும் தொடரும் செலவு. அரசின் நிதிநிலை அறிக்கையில் இரண்டாவதற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டுள்ளது என்பதே சட்டப்பேரவைகளில் எழுப்பப்பட வேண்டிய கேள்வி.