குடிப்பழக்கத்தை விட உதவும் 'கணக்கு நோட்டு': எழுதுவது எப்படி?

ராஜபாளையம்:

மில்லில் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது "இன்னிக்கு ஒரு கட்டிங் மட்டும்" என்று ஆரம்பிப்பது, பாட்டில் காலியான பிறகுதான் முடிகிறது. மறுநாள் கேட்டால் "எப்பவாவதுதான் குடிக்கிறேன்" என்பார்கள். வேண்டுமென்றே சொல்லும் பொய் அல்ல இது. குடித்த கணக்கு மனதில் நிற்பதில்லை. அதனால்தான் குடியை விட நினைப்பவர்களிடம், தினமும் ஒரு நோட்டில் எழுதி வரும்படி மனநல ஆலோசகர்கள் சொல்கிறார்கள்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மில், தறி, பேண்டேஜ் துணி தொழிலை நம்பி ஏராளமான குடும்பங்கள் உள்ளன. கூலிப்பணம் முழுசா வீடு வந்து சேருமா என்று வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் பெண்களுக்கு இந்த நோட்டின் அருமை புரியும்.

என்ன எழுதணும்?

பிள்ளைகள் எழுதி மிச்சம் வைத்த பள்ளிக்கூட நோட்டு போதும். எத்தனை மணிக்கு, யாருடன், எவ்வளவு குடித்தோம், எவ்வளவு செலவு, அப்போது மனசு எப்படி இருந்தது, ராத்திரி தூக்கம் வந்ததா? இவ்வளவுதான். குடிக்காத நாளையும் எழுத வேண்டும்.

30 மில்லி பிராந்தி, விஸ்கியில் சுமார் 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. இதை 1 அளவு என்று வைத்துக்கொண்டால், 180 மில்லி குவாட்டர் 6 அளவு. 650 மில்லி சாதாரண பீர் இரண்டரை அளவு. ஸ்ட்ராங் பீர் என்றால் 4 அளவு வரை போகும். தினமும் 200 ரூபாய் செலவு செய்பவர் கூட்டிப் பார்த்தால் மாதம் 6 ஆயிரம், வருடம் 73 ஆயிரம் ரூபாய்!

4 எதிரிகள்

2 வாரம் எழுதினாலே விஷயம் வெளியே வந்துவிடும். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய 4 நேரத்தில்தான் ஆசை அதிகம் கிளம்பும். சம்பள நாளா, குறிப்பிட்ட நண்பரா, வீட்டுச் சண்டையா என்பதை நோட்டே காட்டிக் கொடுக்கும். பிறகு அந்த நாளில் வேறு வழியாக வீடு திரும்பலாம், முதலில் வயிறு நிறைய சாப்பிடலாம். குடிக்கும் ஆசை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அதுவரை தாக்குப் பிடித்தால் போதும்.

கோவாவில் நடந்த ஆய்வு

கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, அளவுக்கு மீறிக் குடித்த ஆண்களுக்கு, டாக்டர் அல்லாத சாதாரண ஆட்களைப் பயிற்சி கொடுத்து ஆலோசனை சொல்ல வைத்தார்கள். குடியைத் தானே கவனித்துக் கணக்கு வைப்பதும் அந்த ஆலோசனையில் ஒரு பகுதி. 3 மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் 100-க்கு 36 பேர் ஆபத்தான குடியில் இருந்து மீண்டிருந்தனர். பெறாதவர்களில் 26 பேர்தான். 2017-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளியானது.

திடீரென நிறுத்தாதீங்க

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது என்றால் நோட்டு மட்டும் போதாது. அப்படிப்பட்டவர் திடீரென நிறுத்தினால் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாளில் மனக்குழப்பம் வந்து, இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரியும். உயிருக்கே ஆபத்து. இவர்கள் நோட்டையும் எடுத்துக்கொண்டு முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எவ்வளவு குடிக்கிறார் என்று டாக்டருக்குத் தெரிந்தால் மருந்து கொடுப்பது சுலபம்.

ஒருநாள் தவறினால் நோட்டைக் கிழித்துப் போட வேண்டாம். 20 நாள் குடிக்காமல் இருந்தவர் 21-வது நாள் குடித்துவிட்டால், அந்த 20 நாளும் வீணாகிவிடாது. ஏன் தவறியது என்று எழுதினால் அடுத்த முறை உஷாராகலாம்.

வீட்டில் உள்ளவர்கள் நோட்டைத் திருட்டுத்தனமாகப் படித்து சண்டை போடக்கூடாது. போட்டால் மறுநாளே பொய்க்கணக்கு ஆரம்பித்துவிடும். அவரே காட்டினால் பார்க்கலாம்.

மனசு தொடர்ந்து பாரமாக இருந்தாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள்.